ஓரத்தை வெட்டிய வரி

8 ஜூலை 2025, செவ்வாய்
இன்றும் சர்வர் மூன்று முறை விழுந்தது. வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர். பெரிய படங்களை அதன் நினைவகம் தாங்குவதில்லை. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் பரப்பை அளந்து, ஆறுகிறதா பரவுகிறதா என்று காட்ட வேண்டும். நானும் நுஸ்ரத்தும் கட்டுவது அவ்வளவுதான். வேலை போன இந்த ஏழு மாதத்தில் எனக்கு வேறு பிடிப்பு இல்லை. முதல் நோயாளி அவள் அப்பா, அவள் 'அத்தா' என்று கூப்பிடும் லியாக்கத் அலி அங்கிள். தினமும் அவள் அம்மா மஜீதா ஆன்ட்டிதான் படம் எடுத்து அனுப்புகிறார்.

9 ஜூலை
ஒரே ஒரு வரி கோட் எழுதினேன். பெரிய படம் வந்தால் ஓரங்களை வெட்டு, நடுப்பகுதியை மட்டும் அள. சர்வர் விழவில்லை. யாரிடமும் காட்டாமல் நேராக மெயின் கிளையில், ஓடிக்கொண்டிருக்கும் கோடிலேயே, சேர்த்துவிட்டேன். புண் நடுவில்தானே இருக்கிறது.

14 ஜூலை, திங்கள்
நுஸ்ரத் சிங்கப்பூரில் வேலை முடிந்து, பாலம் தாண்டி மலேசியப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் கோட் எழுதுவாள். வெட்டாமல் முழுப் படத்தையும் சுருக்கும் திருத்தத்தைத் தனிக் கிளையில் எழுதி என் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறாள். "ரூபேன் அண்ணா, ஓரத்த வெட்டாதீங்க லா. அம்மா எப்பவும் நேரா எடுக்க மாட்டாங்க."

நாலு இடத்தில் என் கோட் வரிகளோடு மோதுகிறது. 'டாக்டருக்குக் காட்டும் டெமோ முடியட்டும்' என்று எழுதி ஒதுக்கினேன். மோதலைத் தீர்க்க அரை மணி நேரம் போதும். என் வரியில் அவள் கைவைத்தது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

19 ஜூலை, சனி
அங்கிளின் புண் முதலில் 14 சதுர சென்டிமீட்டர், பிறகு 11, இன்று 8. அங்கிள் போனில் சிரித்தார். "கம்ப்யூட்டரே ஆறுதுன்னு சொல்லுது. கிளினிக்குக்கு அடுத்த மாசம் போய்க்கிறேன் தம்பி."
சரி அங்கிள் என்றேன்.

24 ஜூலை
டெமோ. வந்திருந்த டாக்டருக்கு வரைபடம் பிடித்திருந்தது. அங்கிளின் வரைபடம்தான்.

27 ஜூலை, ஞாயிறு
அங்கிளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். புண் குதிகால் வரை போய்விட்டதாம். நேற்றுக்கூட நம் கணக்கு 6 என்றதே?

28 ஜூலை
அசல் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினாறாம் தேதியிலிருந்து எல்லாவற்றிலும் குதிகால் ஓரத்தில் கறுப்பு. எல்லாத்தையும் என் வரி வெட்டி எறிஞ்சிருக்கு. நடுவுல ஆறினத மட்டும் அளந்து அளந்து — ஐயோ, ஒரு படத்தையாவது கண்ணால பாத்தேனா நான்?

30 ஜூலை
முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

2 ஆகஸ்ட், சனி
யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கிட் பதிந்து வைக்கும். காலையில் அந்த வரியை அந்த வரலாற்றிலிருந்தே அழிக்க முடியுமா என்று பார்த்தேன். முடியும். ஆனால் நுஸ்ரத்தின் மடிக்கணினியில் ஒரு நகல் இருக்கிறது. அதனால்தான் அழிக்கவில்லையா? வேறு காரணம் இருந்ததாக எழுத ஆசை. எழுத முடியவில்லை.

மதியம் அவளே கூப்பிட்டாள். "பாத்துட்டேன் அண்ணா. ஒன்பதாம் தேதி நீங்க போட்டது. பதினாலாம் தேதி நான் அனுப்பினது." "அத்தா கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

5 ஆகஸ்ட், செவ்வாய்
டெமோ பார்த்த டாக்டருக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். சர்வரை நிறுத்தினேன். பிறகு ஆஸ்பத்திரி.

அங்கிள் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். "வாங்க தம்பி. மஜீதா, போன குடு." போர்வையை விலக்கி, மிச்சமிருந்த காலை என் பக்கம் நீட்டினார். "இதுலயும் சின்னதா ஒண்ணு வந்திருக்கு. எடுத்துக்கோங்க."

சொன்னேன். வெட்டிய வரியை, நுஸ்ரத் அனுப்பிய திருத்தத்தை, அதை நான் ஒதுக்கியதை. ஆன்ட்டி நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

அங்கிள் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டார்.