மணி வந்த வழி

பழைய நண்பனுக்கு,

நம் சர்ச்சுக்கு மணி கொடுத்தது உன் கொள்ளுத்தாத்தாவா என் கொள்ளுத்தாத்தாவா என்று சண்டை போட்டதிலிருந்து, ஒன்பது வருடமாக நீ தூணுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருகிறாய். உன் முதுகுகூட எனக்குத் தெரிவதில்லை.

திருச்சபை வரலாறு எழுத நேற்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அந்தக் காலப் பாதிரியாரே எழுதிவைத்திருக்கிறார்: பக்கத்து ஊர் லிட்டில் டன்வொர்த் சர்ச்சிலிருந்து அவர்கள் இருவருமே சேர்ந்து, மணியை வைக்கோல் வண்டியில் ஒளித்துத் திருடி வந்தார்களாம்.

பாதிரியார் ஹாலெட்டிடம் காட்டினேன்.

"இதைப் புத்தகத்துல போட்டா அவங்க மணியைத் திருப்பிக் கேப்பாங்களே," என்றார்.

"போடலைன்னா?"

"பொய் சொன்ன பாவம் உங்களுக்கு. நான் எதையும் பார்க்கல," என்று டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

தனியாகப் பொய் எழுத எனக்கு வரவில்லை. வியாழக்கிழமை வா. பள்ளிக்கூடத்திலேயே பொய் சொல்வதில் நீதான் கெட்டிக்காரன்.

இப்படிக்கு,
உன் பரம்பரைக் கூட்டாளி