முதலில் மேளம், பிறகு மாலை

கல்லோடைத் தோட்டம்,
மேல் டிவிஷன்,
பதுளை.
18.7.1976

அன்பு மகள் ஜெபமலருக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி மத்தேயுவும் சுகம். கோத்தகிரியில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருக்க ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, இந்த வாரம் எனக்கு நிஜமாகவே நல்ல சுகம், முட்டிவலி கூட எங்கே போனதென்று தெரியவில்லை. குழந்தைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கும்போது வயிற்றால் போவது சகஜம், பயந்து சாகாதே, ஓமத்தண்ணீர் கொடு, அதற்கும் நிற்காவிட்டால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. அந்த ஊர்க் குளிர் நம் ஊர்க் குளிரைவிட மோசம் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக் கட்டாமல் பிள்ளையை வெளியே எடுக்காதே. இங்கே தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, துரை மாறினார், லயத்து வரிசை வீட்டுக் கூரை மட்டும் மாறவில்லை, மழைக்கு அதே இடத்தில்தான் சட்டி வைக்கிறேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். விழாவுக்கு முந்தின நாள்தான் அது வந்து சேர்ந்தது. பொலிஸோடு நமக்கு எதற்கு வம்பு, தம்பியின் எதிர்காலத்தை நினைத்தாவது வாயை மூடிக்கொண்டு அந்த மாலையைப் போட்டுவிடு அம்மா என்று எழுதியிருந்தாய். மத்தேயு உனக்கு எழுதிக் கோள் மூட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு தரம் படித்தேன், மடித்து பைபிளுக்குள் வைத்தேன், மறுநாள் போய் என் இஷ்டப்படி செய்தேன். மற்றவர்கள் கை கால் வைத்து உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, அவர் வேறு தோட்டத்துக்காரர், முன்கதை தெரியாது, அதனால் ஆதியிலிருந்தே சொல்கிறேன்.

ஸ்ட்ரைக் நடந்த வருஷம் ஆபீசுக்கு முன்னால் ஆட்களைக் கூட்டுவதற்காக அப்பா தப்பு மேளம் அடித்தார். பொலிஸ் வந்தது. ஆளைப் பிடித்தால் தோட்டமே திரண்டுவிடும் என்று பயந்தோ என்னவோ, மேளத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்குக்குச் சாட்சிப் பொருளாம். ஒரு தோலும் ஒரு மரவளையமும் கோர்ட்டில் ஏறி என்ன சாட்சி சொல்லுமோ தெரியவில்லை. கடைசியில் வழக்கே தள்ளுபடியாகிப் போனது, மேளம் மட்டும் ஸ்டேஷன் அறைக்குள் கிடந்தது. அப்பா போய்க் கேட்டால் நாளைக்கு வா, நாளைக்குப் போனால் இன்ஸ்பெக்டர் இல்லை, அப்புறம் அந்த இன்ஸ்பெக்டரே மாறிப் போய்ப் புதியவர் வந்தார், அது என் காலத்தில் நடந்த காரியம் இல்லை என்று அவர் கையைக் கழுவிவிட்டார். வேறொன்று செய்துகொள்ளலாமே என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். அப்பாவின் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே, புதுசு செஞ்சா அவங்க எடுத்தது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி, செய்யமாட்டேன் போ என்று சொல்லிவிட்டார். காலையில் பெரட்டுக்கு வரிசையில் நின்று பேர் கொடுக்க ஆட்களைக் கூப்பிட, மேளத்துக்குப் பதிலாக ஆபீசில் மணி கட்டிவிட்டார்கள். மணி வேலைக்குக் கூப்பிடும், சாவுக்கு அழுமா?

நீ இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன கொஞ்ச காலத்தில் பஞ்சம் வந்தது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை, மரவள்ளிக்கிழங்கும் கிடைக்காமல் ஜனங்கள் இலையையும் தழையையும் அவித்துத் தின்றார்கள். லயத்துக்கு லயம் சாவு. நம் தோட்டத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அந்த மேளச் சத்தம்தான் கீழ் டிவிஷனுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்கும் செய்தி சொல்லும், அதைக் கேட்டுத்தான் கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் வருவார்கள். சத்தமே இல்லாததால் யார் செத்தது என்பது அடக்கம் முடிந்த பிறகுதான் மற்ற டிவிஷனில் தெரியவரும். உன் ஞானமுத்துப் பெரியப்பா செத்தபோது பெட்டி தூக்க ஆள் சேரவில்லை ஜெபமலர். ஒரு பக்கம் நான் தூக்கினேன். பொம்பள பெட்டி தூக்குறதா என்று உபதேசியார் கேட்டார், அப்படின்னா நீங்க புடிங்க, நான் விட்டுர்றேன் என்றேன், அதற்குப் பிறகு அவர் செபப் புத்தகத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. கூடப்பிறந்த அண்ணனுக்கு ஒரு அடி அடிக்க முடியாமல் அப்பா குழிக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது நீ பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாய், எழுத மனம் வரவில்லை. இப்போது நீ வாயை மூடு என்று எழுதிவிட்டாய், அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் சார்ஜன்ட் மஹ்ரூப் என்று ஒருவர் மாறி வந்தார். அப்புத்தளையில் தோட்டத்து ஆட்களுக்குக் கடை வைத்திருந்தவரின் மகன், நம் பேச்சை நம்மைப் போலவே பேசுவார். பொலிஸ் என்றால் பையன்கள் தேயிலைக்குள் பாய்ந்து ஒளிந்த காலம் அது. இவர் தொப்பியைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, பையன்களோடு சேர்ந்து கல் பொறுக்கி மைதானத்தைச் சமப்படுத்தி, வலை கட்டி, வொலிபோல் கிளப் ஆரம்பித்தார். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே புல்லில் உட்கார வைத்துச் சிங்களம் சொல்லிக் கொடுப்பார், ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனா யாரையும் கெஞ்சாம நீங்களே பேசணும் என்பார். இந்த இருதயம்மா பெற்ற மகன், உன் தம்பி, இப்போது தோட்டத்துத் துரையிடமே சிங்களத்தில் பேசுகிறான், கிளப்புக்கு அவன்தான் கேப்டன், ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பையன்களைத் தோற்கடித்துவிட்டு வந்த அன்று தரையில் கால் பாவவில்லை. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்.

இந்தச் சேவைக்காக அவருக்குப் பாராட்டு விழா என்றும், பொலிஸ் மேலிடத்துப் பெரிய துரை வந்து பதக்கம் குத்துவார் என்றும், பேப்பரில் படம் வரும் என்றும் சொன்னார்கள். விழாவை நம் மைதானத்திலேயே வைப்பதாம். நம் சங்கத் தலைவர் செபஸ்தியான் லயத்துக்கு வந்து, கேப்டனின் அம்மா என்கிற முறையில் நான் மாலை போடவேண்டும், பொம்பளைகள் ஆரத்தி எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்து, இன்ஸ்பெக்டர் ஐயா ஆசைப்படுறாரு, தப்படிச்சு வரவேற்கணுமாம் என்றார். அப்பா எழுந்து தேயிலை மலைப் பக்கம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்ததா ஆத்திரம் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. எங்க தப்ப உள்ள போட்டுப் பூட்டிட்டு எங்களையே தப்படிக்கச் சொல்றாரா, அந்த ஐயா வேணும்னா வயித்துல அடிச்சுக்கிட்டு வரச்சொல்லுங்க என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கலாம் என்றார் தலைவர். ஆளும் அனுப்பினார். சேதி ஏற்கெனவே அங்கே போய்விட்டது, பாக்கியநாதன் அடிக்காத இடத்துல நாங்க அடிக்கமாட்டோம் என்று உன் அப்பா பேரைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு நம் லயத்துப் பொம்பளைகளும் என் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். முதலில் மேளம், பிறகு மாலை, அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடந்த சண்டையைத்தான் தம்பி உனக்கு எழுதியிருப்பான். நல்ல மனுஷனை அவமானப்படுத்துகிறாய், கிளப்பை மூடிவிடுவார்கள், என்னைக் கேப்டனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று குதித்தான், என்னோடு பேசாமல் சோற்றைத் தானே போட்டுத் தின்றான். பெற்ற வயிறு, எரியாமல் இருக்குமா? அவன் பயந்தது பொய்யும் இல்லை, தலைவர் அப்படித்தான் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். சார்ஜன்டே ஒரு நாள் வாசலுக்கு வந்து நின்றார். என்ன கோவம்க்கா என்றார். உங்கமேல கோவம் இல்லைங்க என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மேளம் அங்கே கிடப்பதே அவருக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார், பழைய சாமானைக் கிளறாதே, விழாவைக் கெடுக்காதே என்று அவருக்கும் ஏச்சு விழுந்ததாம். திரும்பி வந்து முகம் கறுத்துப்போய், எனக்கு மாலையே வேணாம்க்கா, நீங்க சங்கடப்படாதீங்க என்றார். உங்களுக்கு வேணாம்னா விடுங்க, எங்களுக்குத் தப்பு வேணும் என்றேன். ரொம்ப அழுத்தக்காரி என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை விழா. தென்னங்குருத்துத் தோரணம், நாற்காலி, ஒலிபெருக்கி, பையன்கள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கிறார்கள். பெரிய துரை ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் மாலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தி எழுந்திருக்கவில்லை. பெரிய துரை மேடையில் ஏறிச் சிங்களத்தில் பேசினார், பொலிஸும் தோட்டமும் ஒரே குடும்பம் என்றார், சார்ஜன்ட் அதைத் தமிழில் சொன்னார். பிறகு மாலை போடக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மாலைத் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தேன். மைக் பக்கத்தில் போய், ஒரே குடும்பம்னு சொன்னீங்க தொரை, குடும்பத்துச் சாமான யாராச்சும் பூட்டி வைப்பாங்களா என்று கேட்டேன். சார்ஜன்ட் ஐயா தங்கமான மனுஷன், அவருக்கு மாலை போட எனக்கு ஆசைதான், ஆனா எங்க தப்பு ஒங்க ஸ்டேஷன்ல கெடக்கு, அது இல்லாம பஞ்சத்துல செத்த எங்க ஆளுகள நாயப் பொதைக்கிற மாதிரி பொதச்சோம், அத மறந்துட்டு நான் எந்தக் கையால மாலை போடுறது என்றேன். இன்ஸ்பெக்டர் என் பக்கம் பாய்ந்து வந்தார். பெரிய துரை கையைக் காட்டி நிறுத்திவிட்டு, இந்தம்மா என்ன சொல்கிறாள் என்று சார்ஜன்டைக் கேட்டார்.

ஜெபமலர், அந்த மனுஷன் அப்போது நினைத்திருந்தால் ஏதாவது மழுப்பியிருக்கலாம். பதக்கம் மேசைமேல் இருக்கிறது, மேலதிகாரி பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார், எனக்கோ சிங்களம் தெரியாது. நான் மத்தேயுவைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சார்ஜன்ட் ஒரு சொல்லையும் விடவில்லை, நாயைப் புதைத்த மாதிரி என்றதைக்கூட அப்படியே சொன்னார் என்று தம்பி பிற்பாடு சொன்னான். பெரிய துரை இன்ஸ்பெக்டரை என்னவோ கேட்டார், இன்ஸ்பெக்டர் என்னவோ சொன்னார், அது அவருக்குப் பிடிக்கவில்லை போல, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு டவுனுக்கு ஜீப்பை அனுப்பினார். கூட்டம் முழுவதும் காத்திருந்தது. ஆரத்தித் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தலாமா என்று ஒருத்தி கேட்டாள், பொறுடி என்றேன்.

மேளம் வந்தது. வளையத்தில் சாட்சிப் பொருள் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, தோல் ஈரத்தில் தொய்ந்து கிடந்தது, அடித்தால் பொத் பொத் என்றுதான் கேட்கும். அப்பா அந்தச் சீட்டைப் பிய்த்து இன்ஸ்பெக்டரின் கையிலேயே கொடுத்தார். என்னோடு பேசாத மகன் வெள்ளைச் சட்டையோடு ஓடிப்போய்க் காய்ந்த மானாப்புல் அள்ளி வந்து மேடைக்கு முன்னாலேயே தீ மூட்டினான். அப்பா அவசரப்படவில்லை. பெரிய துரைமார் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, திருப்பித் திருப்பித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, இடுப்பில் சேர்த்துக் கட்டிக்கொண்டார். வரவேற்பு அடி அடிப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அடித்தது சாவு அடி. உன் பெரியப்பாவுக்கு அடிக்காமல் விட்டதை, அந்த வருஷம் போனவர்கள் எல்லோருக்கும் அடிக்காமல் விட்டதை, மொத்தமாக அங்கே வைத்து அடித்தார்.

தோட்டத்து ஜனம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பொம்பளைகள் வாய்விட்டு அழுதார்கள், நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. பெரிய துரைக்குத் தெரியவில்லை, நல்லாயிருக்கிறது என்று தலையை ஆட்டித் தாளம் போட்டார், இன்ஸ்பெக்டரும் அவரைப் பார்த்துக் கையைத் தட்டினார். சார்ஜன்ட் மஹ்ரூப் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு, அப்பா குச்சியை நிறுத்தும்வரை தலையைக் குனிந்து நின்றார். சத்தம் ஓய்ந்ததும் நான் போய் அவர் கழுத்தில் மாலையைப் போட்டேன். அவர்கள் குத்திய பதக்கத்துக்காகப் போடவில்லை, எழுந்து நின்றாரே, அதற்காகப் போட்டேன்.

கிளப்பை யாரும் மூடவில்லை, தம்பி இன்னும் கேப்டன்தான். நாளைக்கே மூடினாலும் மூடட்டும், சார்ஜன்டை மாற்றினாலும் மாற்றட்டும், மேளத்துக்கு மறுபடி யாராவது வந்தால் முதலில் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் தீர்க்காயுசு, பேத்திக்கு ஆயிரம் முத்தம், மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். பிள்ளையின் போட்டோ அனுப்ப மறக்காதே, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த ஊரிலும் உங்களை அகதி, சிலோன்காரன் என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, நானும் ஒன்று கேட்கிறேன், அங்கேயும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறாயா? இருக்காதே மகளே.

இப்படிக்கு,
யாருக்கும் பயப்படாமல் உன்னைப் பெற்ற அம்மா,
பா. இருதயம்மா