மாத்திரை உருட்டாத கொற்றிக்கு இடம் அளிக்க விடுத்த ஓலை

நலம் பெருகுக, நோய் அகலுக. வெண்கோட்டு நாட்டு மன்னர் பெருஞ்சேந்தனார் திருவாணையைத் தலைமேற்கொண்டு, பேரமைச்சன் நக்கண்ணன், ஆற்றங்கரை மருந்துச்சாலைத் தலைவராகிய பெருந்தகை பூதனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மூலிகைத் தோட்டம் தழைக்க. தங்கள் முழங்கால் வலியும் தணிக.

இவ்வாண்டு மருத்துவம் கற்கச் சாலையில் சேர வந்த நாற்பதின்மருள் பன்னிருவரைத் தெரிந்து தாங்கள் அனுப்பிய பட்டியலைக் கண்டோம். உப்பு விற்கும் குடியில் பிறந்த கொற்றி என்பாள், நூற்பா ஒப்பித்தலில் ஏழாம் இடம் பெற்றும், மருந்து செய்யும் தேர்வில் ஒரு மாத்திரையேனும் உருட்டாமையால் சுழி பெற்று நீக்கப்பட்டாள் என்பதையும் கண்டோம். அடுத்த தேர்வு மூன்றாண்டு கழித்தே வரும். அதுவரை காத்திருக்க அவள் வீட்டார் விடமாட்டார். உப்பு வண்டியோடு ஊர் ஊராக அனுப்பிவிடுவர்.

தேர்வில் பிள்ளைகள் செய்யும் மருந்தை வீணாக்காமல் ஆதுலர்சாலை நோயாளர்க்கு வழங்குவது தங்கள் பழைய வழக்கம். அதற்காகத் தங்களை அவையில் பலமுறை புகழ்ந்த யாமே, மலச்சிக்கலோடு அங்கே சென்று, இம்முறை அம்மாத்திரைகளுள் ஒன்றை உண்டோம். அதன்பின் மூன்று நாள் எம்மை அவையில் எவரும் காணவில்லை. எங்கிருந்தோம் என்பதை ஓலையில் எழுதுதல் அமைச்சனுக்கு அழகன்று. எம்மோடு உண்ட முதியோர் இருவர் பிழைத்தெழுந்தது தெய்வத்தின் கருணை.

பின்னரே கொற்றியை அழைத்து வினவினோம். தேர்வு மாத்திரைக்குரிய, கடும் பேதி தரும் நேர்வாளக் கொட்டையைச் சாணநீரில் வேகவைத்து, தோலும் முளையும் நீக்கி, நஞ்சு தணிந்த பின்னரே அரைக்க வேண்டும் என்றும், தேர்வுக்குத் தந்த இரண்டு நாழிகை அதற்குப் போதாது என்றும், அம்மருந்து நோயாளர் வயிற்றுக்குச் செல்லும் என அறிந்திருந்ததால் அரைகுறையாக உருட்டத் தனக்குக் கை வரவில்லை என்றும் அவள் பணிவுடன் தெரிவித்தாள். இடம் போயிற்றே என்று அழுதாள். ஆயினும் செய்தது தவறு என்று ஒருமுறையும் சொல்லவில்லை.

மதிப்பெண்ணைத் தள்ளிவிடுக என யாம் சொல்லோம். நூற்பாவை மறப்பவன் கையால் மருந்துண்ண எமக்கும் அச்சமே. மதிப்பெண் இல்லையேல் பெரிய இடத்துப் பிள்ளைகளே சாலையை நிரப்புவர் என்னும் தங்கள் கவலையும் நேர்மையானதே. ஆயினும் உருட்டிய மாத்திரைகளை எண்ணிய தாங்கள், உருட்டாதவளிடம் ஏன் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். அப்பன்னிருவரும் பிள்ளைகள்தாம், இரண்டு நாழிகையில் முடிக்கச் சொன்னது சாலை, முடித்தார்கள். அவருள் எவரையும் நீக்க வேண்டா. முறையாகக் கற்பியுங்கள்.

ஆகவே ஆணையாவது: இனித் தேர்வு மருந்து நோயாளர்க்கு வழங்கப்படாது புதைக்கப்படுக. சேர வருவோரின் மதிப்பெண்ணோடு, அவர் செய்ததற்கும் செய்யாததற்கும் காரணம் கேட்டு எழுதப்படுக. கொற்றி பதின்மூன்றாமவளாகச் சேர்க்கப்படுக. இதற்கு அரச முத்திரை இட்டோம்.

சாலையில் மருந்தரைக்கும் கல்வம் பன்னிரண்டே உள்ளன, பதின்மூன்றாமவர்க்கு இடமில்லை எனத் தாங்கள் மறுமொழி எழுதுவீர் என்பதை யாம் அறிவோம். வாயிலில் நிற்கும் வண்டியைச் சற்றே எட்டிப் பாருங்கள். புதிய கல்வம் அதில் இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு கொற்றியும் இருக்கிறாள்.