ஸ்டாண்டு அடிச்சாச்சு

புதுச்சத்திரம்
10.6.2024

அன்பு மாப்பிள்ளை நிலவனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். லாரியைத் தூக்குகிற அந்த ஜாக்கியில் எண்ணெய் கசிந்தபோதே, "இது ஒரு நாள் ஆளைக் கவுக்கும்" என்றேன். கவிழ்த்தது. உன் கால் கூடிவிடும் என்றேன், கூடிவிட்டது. டாக்டரே என்னிடம் யோசனை கேட்டுத்தான் கம்பி வைத்தார்.

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எட்டாவது வரை படித்த கையால் எழுதுகிறேன். இன்னும் இளம்பிள்ளையில் அக்கா வீட்டில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாயாம். லாரிக்கு கிளட்ச் இறக்குகிற கையா அது?

பட்டறையே மாறிவிட்டது. ஜாக்கி சறுக்கினாலும் வண்டியைத் தாங்க, முதலாளி கந்தன் நான்கு இரும்பு ஸ்டாண்டு அடித்து வைத்திருக்கிறார். ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் அடியில் படுக்கக் கூடாதென்று உத்தரவு! வந்துவிடு சாமி.

உன் மாமன்,
கைலாசம்

இளம்பிள்ளை
18.6.2024

மாமாவுக்கு வணக்கம்.

ஜாக்கி சறுக்கி லாரி என் காலில் இறங்கியபோது நீங்கள் டீக்கடையில் இருந்தீர்கள். இருக்கட்டும்.

வேலை மேல் எனக்குக் கோபமில்லை மாமா. தறிக்கு அடியில் விழுந்த கத்தரியை எடுக்கக் குனிந்தாலும், மேலே லாரி நிற்பது போல் நெஞ்சு அடைக்கிறது. "வண்டிக்கு அடியில முட்டுக் கட்டை வெச்சுக்கலாமுங்க" என்றால், "ஒரு போல்ட்டுக்கு எதுக்குடா கட்டை" என்று விரட்டியவர்தானே முதலாளி? அவரா ஸ்டாண்டு அடித்தார்?

அக்காவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாமா பேச்சுல பாதியக் கழிச்சுக்கடா" என்றாள். பாதி கழித்தாலும் இரண்டு ஸ்டாண்டு மிஞ்சுமே! திங்கட்கிழமை வருகிறேன்.

நிலவன்

புதுச்சத்திரம்
21.6.2024

அன்பு மாப்பிள்ளை,

நீ வருவாய் என்று நான் முன்பே சொன்னேன். ஆனால் உன் கடிதத்தைப் பிரித்தபோது டீ சட்டையில் கொட்டிவிட்டது. நேராகப் பட்டறைக்குப் போய், எல்லோரும் கேட்க உரக்க வாசித்தேன்.

"நாம எப்பங்க ஸ்டாண்டு அடிச்சோம்?" என்றார் முதலாளி.

"இன்னைக்குங்க" என்றேன்.

நெஞ்சு அடைக்கிறது என்று நீ எழுதிய வரியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு வெல்டிங் ஆளைக் கூப்பிட்டார். இன்று காலை லோடு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கியை உருவிவிட்டு, முதலாளியே முதலில் அடியில் படுத்தார். அப்புறம் நான் அரை மணி நேரம் படுத்தேன். சரி, அதில் பாதியைக் கழித்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் சாமி. முதல் கடிதம் எழுதிய அன்று பட்டறையில் ஒரு ஸ்டாண்டும் கிடையாது. அது நானாக அடித்துவிட்டது. இப்போது நான்கு நிற்கிறது. இதில் கழிக்க எதுவுமில்லை. திங்கட்கிழமை வந்து உதைத்துப் பார். அப்புறம் படு.

கைலாசம்