ஒரு மாத்திரைக்காகக் கூடிய சபை

மாமா,

உங்கள் முதலாம் ஆண்டுத் திதிக்கு வந்தவர்களுக்கெல்லாம் உங்கள் மகன் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தனுப்பினான். மூடியில் உங்கள் படம். கோயில் தலைவராக இருந்தபோது எடுத்தது. தோளில் பொன்னாடை, நெற்றி நிறையத் திருநீறு, கேமராக்காரனையே கண்டிப்பது போன்ற பார்வை. மைக்ரோவேவில் வைக்கலாம் என்று டப்பாவின் அடியில் குறிப்பு இருக்கிறது. மூடிக்கு அந்த அனுமதி இல்லை. உள்ளே நான்கு உளுந்து வடை இருந்தன. தின்றுவிட்டுக் கழுவி வைத்தேன். எண்ணெய் போய்விட்டது, நீங்கள் போகவில்லை. இன்று காலை அலுவலகத்துக்குச் சோறு கட்ட வேறு டப்பா இல்லாமல் அதை எடுத்தேன். மூடியை அழுத்தியபோது என் கட்டைவிரல் சரியாக உங்கள் வாய்மேல் இருந்தது. இருபது வருடங்களுக்கு முன் எனக்குக் கிடைக்காத வசதி அது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா கூலிமில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். பாடாங் மேஹா பக்கத்துத் தாமான் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி உங்கள் வீடு. அம்மாவின் அண்ணன் என்ற முறையில், எங்கள் குளிர்பெட்டியை எந்தச் சுவரோரம் வைப்பது என்பது வரை நீங்களே முடிவு செய்தீர்கள். குறை சொல்லவில்லை. குளிர்பெட்டி நன்றாகத்தான் ஓடியது.

ஓடாமல் நின்றது நான்தான். கண் விழிப்பேன், எழுந்திருக்க மாட்டேன். தலைக்குக் குளித்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். எஸ்.பி.எம். முன்னோட்டத் தேர்வில் வரலாற்றுத் தாளில் பெயரை எழுதினேன், நேரம் முடியும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் இப்படி. சாக வேண்டும் என்று தோன்றியதா என்று பிறகு டாக்டர் கேட்டார். நாளைக்கு என்று ஒன்று இருப்பதே அலுப்பாக இருக்கிறது என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, இது ஒரு நோய் என்றார். நீங்கள் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தீர்கள். இருவருமே உறுதியாகத்தான் சொன்னீர்கள். ஒருவர் படித்துவிட்டுச் சொன்னார்.

அந்த டாக்டர் மலாய்க்காரப் பெண், அம்மாவைவிட இளையவர். பள்ளியின் ஆலோசக ஆசிரியை கொடுத்த கடிதத்தோடு அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போய் அரசாங்க மருத்துவமனையில் அவரைப் பார்த்தோம். மனச்சோர்வு நோய் என்றார். தினம் ஒரு மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பேச வேண்டும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் நாள்களில் குமட்டும். தப்பான எண்ணம் எதுவும் கூடினால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வந்துவிட வேண்டும். மாத்திரை வேண்டாமென்றால் பேச்சை மட்டும் வைத்து முயலலாம். இப்போதிருக்கிற நிலையில் இரண்டும் சேர்ந்தால் நல்லது என்பது அவருடைய கருத்து. இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மாவை விட்டு என்னைப் பார்த்து மலாயில் கேட்டார்: “உனக்கு என்ன தோன்றுகிறது?”

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. “ஒன்றும் தோன்றவில்லை” என்றேன்.

“அது நோய் சொல்லும் பதில். அடுத்த திங்கட்கிழமை உன் பதிலோடு வா. அம்மா கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் விழுங்கப்போவது நீ.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்: “மாமாகிட்ட ஒரு வார்த்த கேட்டுடுவோம்.”

ஒரு வார்த்தைதான் கேட்டோம். நீங்கள் சபையைக் கூட்டினீர்கள்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் நீங்கள், அத்தை, கோயில் செயலாளர், பெயர் மறந்துவிட்ட நிர்வாகக் குழுவினர் சிலர். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். விவாதப் பொருள் என்ற அளவில் எனக்கு நல்ல இடம்தான் கொடுத்திருந்தீர்கள்.

“கிலா மருந்தும்மா இது,” என்றீர்கள் அம்மாவிடம். “பைத்தியக்காரனுக்குக் குடுக்கிறது. ரெக்கார்டுல ஏறிடும். நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் கேட்டா என்னா சொல்லுவ?”

“டாக்டர் அப்படிச் சொல்லலண்ணே…”

“டாக்டருக்கு என்னா? எழுதிக் குடுத்துட்டு அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடும். எஸ்டேட்டுல நாம படாத கஷ்டமா? நம்ம அப்பா படாத கஷ்டமா? அவரு என்னா மாத்திர போட்டாரு?”

தாத்தா மாத்திரை போடவில்லை. சம்பள நாளில் தொடங்கிக் கையிருப்பு தீரும்வரை சம்சு சாராயம் குடித்தார், வீட்டில் எட்டியவரை அடித்தார். அதை அந்தச் சபையில் யாரும் மருந்து வகையில் சேர்க்கவில்லை.

“பழக்கமாயிடும்லா,” என்றார் செயலாளர். “அப்புறம் மாத்திர இல்லாம ஒரு நாள் இருக்க முடியாது.” எல்லாரும் தலையாட்டினார்கள்.

பிறகு சாப்பாடு. இலை எடுத்ததும் அத்தை தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். சட்டைப் பைகளிலிருந்தும் கைப்பைகளிலிருந்தும் கிளினிக்கின் சின்னப் பிளாஸ்டிக் உறைகள் வெளியே வந்தன. சர்க்கரைக்கு, பிரஷருக்கு, கொழுப்புக்கு, மூட்டுக்கு. செயலாளர் ஐந்து வில்லைகளை ஒரே வாயில் போட்டுத் தலையை அண்ணாந்தார். நீங்கள் ஆறு, அதில் ஒன்று பாதியாக உடைத்தது. “இது மட்டும் இல்லாட்டி இவரு ஆளே கிடையாது,” என்று அத்தை பெருமையாகச் சொன்னார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அன்று சிரிக்கத் தெம்பு இல்லை. அப்படி ஒரு காட்சி வீணாகப் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வாய் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னீர்கள். “நாம யாரு முடிவு பண்ண? சாமிகிட்ட கேட்டுடுவோம். பூ போட்டுப் பாப்போம்.”

வெள்ளிக்கிழமை மாலை எஸ்டேட் முனீஸ்வரர் கோயிலில் பூசாரி ஒரு தாளில் வெள்ளைப் பூவையும் இன்னொரு தாளில் சிவப்புப் பூவையும் மடித்து ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளை வந்தால் மாத்திரை போடலாம், சிவப்பு வந்தால் கூடாது. விதியை வகுத்தவர் நீங்கள்.

“என்னா மாத்திரன்னு சாமிக்குச் சொல்லணுங்களா தலைவரே?” என்று கேட்டார் பூசாரி.

“அதெல்லாம் அவருக்குத் தெரியும்யா. நீ குலுக்கிப் போடு.”

சுமங்கலி எடுக்கட்டும் என்று அத்தையை எடுக்கச் சொன்னீர்கள். வெள்ளை வந்தது. அத்தை உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையில் எதையோ உடைத்துவிட்டவர்போல அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூணு தடவ பாக்கணும். அதான் முறை,” என்றீர்கள்.

இரண்டாம் தடவையும் வெள்ளை.

“நீ கைய சரியாக் கழுவல. தள்ளு, நான் எடுக்கிறேன்.”

மூன்றாவது சிவப்பு. “பாத்தியா? சாமி முடிவாச் சொல்லிடுச்சு,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். பூசாரி மணி அடித்தார்.

பிற்பாடு அலோர் ஸ்டாரில் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ கூட்டங்களுக்குக் குறிப்பு எடுத்திருக்கிறேன். இரண்டை ஒன்று வெல்வதை அங்கேயும் பார்த்ததுண்டு. ஆனால் எதிர்த்தரப்பில் கடவுள் இருந்து தோற்றதை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது, மாமா. காது இரண்டும் சூடாகிவிட்டன. மூன்று மாதத்தில் எனக்குள் அசைந்த முதல் விஷயம் அது. கோயில் படியிறங்குவதற்குள் அணைந்தும் போனது. ஆனால் இப்படி எரிச்சல்படக்கூடிய ஒருத்தி இன்னும் உள்ளே கிடக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் மாத்திரை போட்டது வெள்ளை வந்ததால் அல்ல. நீங்கள் வேண்டாம் என்றதால் போட்டேன் என்றால் அதுவும் உங்களுக்குக் கொடுக்கும் தேவையில்லாத மரியாதை. அந்த எரிச்சல்காரி எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் அதைத்தான் சொன்னேன். மலாயில் சரியாக வரவில்லை. அவருக்குப் புரிந்தது.

கையெழுத்துப் போடும்போது அம்மா பேனாவைப் பிடித்தபடி கேட்டாள்: “அண்ணனுக்கு என்னாடி பதில் சொல்றது?”

“மூணுல ரெண்டு வெள்ளன்னு சொல்லுங்கம்மா.”

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போட்டாள். உங்களைக் கேட்காமல் அவள் போட்ட முதல் கையெழுத்து அதுவாகத்தான் இருக்கும்.

குமட்டியது. முதல் பத்து நாளும் நான் செய்தது தப்போ என்று தினமும் தோன்றியது. நாலாவது வாரத்தில் ஒரு நாள் கருவாட்டில் உப்பு அதிகம் என்று குறை சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மாத்திரை மகிழ்ச்சி எதையும் தரவில்லை, அது அதன் வேலையும் இல்லை. உப்பைத் தெரியவைத்தது. மீதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் பேசிப் பேசித்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம் கழித்து டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். பழக்கமாகவில்லை. செயலாளருக்குத் தெரிவிக்க எண்ணினேன். அதற்குள் அவருக்கு வில்லை எட்டாகியிருந்தது.

நீங்கள் ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை. நான் தேறிவிட்டேன் என்று தெரிந்ததும் கோயில் திருவிழா மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, தீராத நோயோடு வந்த ஒரு பிள்ளையை முனீஸ்வரர் குணப்படுத்திய கதையைச் சொன்னீர்கள். பெயர் சொல்லாத பெருந்தன்மைக்காகக் கைதட்டும் வாங்கினீர்கள். முன் வரிசையில் நானும் தட்டினேன்.

இதையெல்லாம் நான் பல வருடம் பலரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நன்றாகவே சொல்வேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது, நீங்கள் அலோர் ஸ்டாருக்கு என் வீட்டுக்கு வந்த நாளின் கதை.

அத்தை இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கோயில் தேர்தலிலும் உங்களைத் தோற்கடித்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல், ஒன்றரை மணி நேரம் நீங்களே காடி ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். வாசலில் நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்கவில்லை. நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்; கதவைத் திறக்கப் போகவில்லை. ஒரு பை ரம்புத்தானோடு உள்ளே வந்தீர்கள். சட்டைப் பொத்தான்களை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தீர்கள். தாடி மழிக்காமல் உங்களை நான் பார்த்ததே இல்லை. புதுத் தலைவர் கோயில் கால்வாயைக் கெடுத்துவிட்டான் என்றீர்கள். நான் கலக்கித் தந்த மைலோவை ஆறவிட்டீர்கள். பிறகு குவளையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

“பாப்பா… அந்த மாத்திர… வயசானவங்களுக்கும் குடுப்பாங்களா?”

“யாருக்கு மாமா?”

யாருக்கு என்று எனக்குத் தெரியும். அன்று உங்களைப் பார்த்த ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும்.

“ஒரு சிநேகிதன். கேட்டான்.”

“அப்ப அவர வரச் சொல்லுங்க. அவரே கேக்கட்டும்.”

“ம். சொல்றேன்லா.”

ஆறிப்போன மைலோவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தீர்கள். காடியைப் பின்னால் எடுக்க மிகவும் சிரமப்பட்டீர்கள். என் பதில் எனக்கு ஒரு வாரம் இனித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு குறைந்த சொற்கள், எவ்வளவு மரியாதையான தொனி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில மாதத்தில் நீங்கள் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர்களாம். போட்டு என்ன ஆகப்போகிறது என்றீர்களாம். இறந்த பிறகுதான் உங்கள் மகன் தொலைபேசியில் சொன்னான். சர்க்கரை என்று இறப்புச் சான்றிதழில் எழுதினார்கள். நான் அதைத் திருத்தப்போவதில்லை, உண்மைக் காரணம் எனக்குத் தெரியாது. உங்களைப் பற்றிய என் அபிப்பிராயத்தையும் திருத்தப்போவதில்லை. நீங்கள் ஒரு வீண் பெருமைக்காரர், ஒரு பெண்பிள்ளையின் உயிரை இரண்டு காகிதப் பொட்டலத்தில் வைத்துக் குலுக்கச் சொன்னவர். ஆனால் அன்று என் வீட்டில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு சிநேகிதனுக்காக, சிநேகிதனின் மகளுக்காக என்று இழுத்துக்கொண்டு வந்தால் யாருக்கு என்று நான் கேட்பதில்லை. போன மாதம் எங்கள் அலுவலகக் காவலாளி கேட்டார். எந்த அறை, எந்த நாள், யாரிடம் பேச வேண்டும் என்று சொன்னேன். அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார். வயதானவர்களுக்கும் கொடுப்பார்கள், மாமா. செவ்வாயும் வியாழனும் காலையில். எட்டு மணிக்குள் போய் எண் எடுத்துவிட வேண்டும். ஐ.சி. அடையாள அட்டையை மறக்காதீர்கள். இப்போது போடும் மாத்திரைகளின் உறைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்பார். நேரமாகும், பசியாறிவிட்டுப் போங்கள்.