அப்பாவின் பெருவிரலும் இரண்டு இடது இறக்கைகளும்

என் செல்ல வாலுவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் வலக்கைப் பெருவிரல் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் எல்லாமும் நலம். நீயும் உன் இரண்டு பெருவிரல்களும் அங்கே நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போனில் நீ கேட்கிறதுக்கெல்லாம் நான் ம், ஆங், அப்புறம் என்று மட்டும் சொன்னேன் என்று கோபித்துக்கொண்டாயாம். என்ன செய்ய, உன் அப்பா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தார், பேப்பர் தலைகீழாக இல்லை, அவ்வளவுதான். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே வம்பு பேச எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. அதனால்தான் என் தையல் கடைக் கதவைச் சாத்திவிட்டு, வெட்டுகிற மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு, கடிதமாக எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணிக்கொண்டு போனால் கீழே கத்தரிக்கோல் இருக்கிறது என்று நினைத்துக்கொள். எதிர்வீட்டு வக்கீல் தலைக்கு விக் வைத்திருக்கிறார், காற்றடிக்கிற நாளில் வாசலுக்கே வருவதில்லை, கட்சிக்காரர்கள் எல்லாம் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இது சும்மா காகிதத்தை நிரப்ப. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பல்பு மாற்றுகிறேன் என்று ஸ்டூலிலிருந்து விழுந்து அப்பா மணிக்கட்டை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். மாவுக்கட்டைப் பிரித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னோமே, அது பொய். மற்ற விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, பெருவிரல் மட்டும் அரசாங்க ஆபீசில் மனு கொடுத்த மாதிரி, சொல்லிவிட்டுக் காத்திருந்தால் எப்போதோ அசைகிறது. மற்றவர்களுக்குப் பரவாயில்லை, பல்செட் செய்கிற லேப்பில் மெழுகில் பல் அடுக்குகிறவருக்குப் பெருவிரல் இல்லாமல் எப்படி? ஒரு நாள் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்த பிறகு போய்ப் பார்த்தால் சோப்புப் பெட்டியில் மெழுகுத் துண்டு, அதில் ஒரு பல் செதுக்கிப் பார்த்திருக்கிறார். பல் மாதிரியும் இல்லை, பட்டாணி மாதிரியும் இல்லை. நான் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன், அவரும் எங்கே என்று கேட்கவில்லை.

பிசியோதெரபி பெண் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். பந்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவருக்குக் கௌரவக் குறைச்சல். சரி, பிடித்த நுணுக்கமான வேலை எதையாவது செய்யுங்கள் என்று அவள் சொன்னதுதான் தாமதம், பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போய் பிளான் வரைந்த ஒரு சுருட்டிய தாளும் ஒரு கட்டு மரத் தகடும் கொண்டுவந்துவிட்டார். அந்த பேக்கரிக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், மேல்வரிசைப் பல் முழுக்க அப்பா செய்து கொடுத்தது, அதைக் காட்டுவதற்காகவே சாவு வீட்டில்கூடச் சிரிப்பார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் கிளைடர் விடுகிற பைத்தியம். கிளைடர் என்றால் எஞ்சினே இல்லாத குட்டி விமானம். கையால் எறிய வேண்டும், அப்புறம் காற்று தூக்கிக்கொள்ள வேண்டும், கீழே நிற்கிறவர் ரிமோட்டில் வாலைத் திருப்பி ஓட்ட வேண்டும். எஞ்சின் இல்லாமல் அடுத்தவர் தயவில் பறப்பது, எனக்கு உன் மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

இதோடு விட்டிருந்தால் நான் ஏன் கடிதம் எழுதப்போகிறேன். சாப்பாட்டு மேஜையில் அப்பா ஒரு சபதம் போட்டார். "இதை நானே செஞ்சு, இந்தக் கையாலேயே ஓட்டி, இந்தக் கையாலேயே இறக்கணும். இறக்கிட்டேன்னா லேப்புக்குப் போறேன். முடியலேன்னா வேலை வேண்டாம்னு முதலாளிகிட்ட எழுதிக் கொடுத்துட்டு வீட்டோட இருந்துடறேன்" என்றார். அவர் வீட்டோடு இருப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. என் நூல்கண்டுகளை எல்லாம் நிறவாரியாக அடுக்கிவைத்துவிட்டார், இப்போது எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஒரு அம்மாவுக்கு நான் இடுப்பளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்து, உங்களுக்கு மேல்வரிசையில் ஒரு இடைவெளி இருக்கிறதே என்றார். அந்த அம்மா துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வேடிக்கை போகட்டும், வேலை இல்லை என்று ஆகிவிட்டால் அந்த மனிதர் எப்படி ஆவார் என்று எனக்குத் தெரியும், நீயும் ஊகித்துக்கொள்.

உடம்புப் பகுதியை ஒட்டுவதற்கே பல நாள் ஆனது. பார்க்கப் பொறுக்காமல், ஒரு இறக்கையை நான் செய்கிறேன் என்றேன், தலையாட்டினார். அதற்குள் எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. காலையில் சட்டைப் பொத்தானோடு அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், பெருவிரல் ஒத்துழைக்கவில்லை, எனக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது, கழுத்திலிருந்து கீழே வரை சடசடவென்று நானே போட்டுவிட்டேன். "என்னைக் கடையில நிக்க வெச்ச பொம்மைன்னு நினைச்சியா" என்று குதித்தார். "பொம்மையா இருந்தா இந்நேரம் வாயை மூடிட்டு நின்னிருக்கும்" என்று நானும் சொல்லித் தொலைத்தேன். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. சாயங்காலம் பார்த்தால் என் வெட்டுகிற மேஜையில் பாதி மரத்தகடும் அந்தத் தாளின் நகலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. சவாலா, சரி என்று நானும் எடுத்துக்கொண்டேன். அவர் படுக்கையறையில் ஒரு இறக்கை, நான் கடையில் ஒரு இறக்கை. தாளின்மேல் பிளாஸ்டிக் விரித்து, மீன் முள் மாதிரி சின்னச் சின்ன விலாக்களை என் குண்டூசியால் குத்தி நிறுத்தி, பசை தடவி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அவர் பக்கம் சர்சர் என்று சத்தம் கேட்டால் நான் இன்னும் வேகமாகத் தேய்ப்பேன். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிட்டு ஒட்டுக்கேட்பது எனக்குத் தெரியும். மேலே போர்த்துகிற மெல்லிய தாளை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி இழுத்து ஒட்ட வேண்டும், அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது, ஒரு சுருக்கம் இல்லை. முடித்துவிட்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி கூடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பார்க்காதது போல் நடந்தேன்.

அவரும் ஒரு நாள் முடித்தார். சாப்பாட்டு மேஜையில் உடம்பை வைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பொருத்தினால், ஒரு இறக்கை முன்னால் போகப் பார்க்கிறது, இன்னொன்று பின்னால் போகப் பார்க்கிறது. புரட்டிப் போட்டால் மேல்பக்கம் கீழே வந்துவிடுகிறது. "ஏண்டி, நீ எந்தப் பக்கத்து இறக்கை செஞ்சே" என்று கேட்டார், அத்தனை நாளுக்கு அப்புறம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "பிளான்ல போட்டிருந்த பக்கம். நீங்க?" என்றேன். "நானும் பிளான்ல போட்டிருந்த பக்கம்தான்" என்றார். தாளை மிச்சம் பிடிக்க ஒரு இறக்கைதான் வரைந்திருக்கிறார்கள், மற்றதை இதற்கு எதிராகச் செய்துகொள்ளவும் என்று மூலையில் எறும்பு மாதிரி எழுதியிருக்கிறது, இரண்டு பேருமே படிக்கவில்லை. இரண்டும் இடது! பிறந்ததிலிருந்து சட்டைக்கு இரண்டு கை தைக்கிறவள் நான். துணியை மடித்துப் போட்டு வெட்டிவிடுவேன், இடதும் வலதும் தன்னால் விழும், அதை ஒரு நாளும் யோசித்ததே இல்லை. அவரோ இடது கடைவாய்ப் பல்லையும் வலது கடைவாய்ப் பல்லையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறவர். "வெளிய சொல்லிடாதே, ரெண்டு பேர் பொழைப்பும் போயிடும்" என்றார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் நிற்கவில்லை, இருமல் வந்து தண்ணீர் குடிக்கும்படி ஆகிவிட்டது. நான் செய்ததுதான் இடப்பக்கத்துக்குத் தேர்வானது, இது தகுதி அடிப்படையில் என்பதைப் பதிவு செய்கிறேன். வலதுக்கு பேக்கரிக்காரர் வழி சொன்னார், தாளில் எண்ணெய் தடவினால் கோடு பின்பக்கம் தெரியும், திருப்பிப் போட்டு அதன்மேல் கட்டு என்று. இந்த முறை ஒரே மேஜையில் செய்தோம். அவர் ஒட்டினார், நான் ஊசி எடுத்துக் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டு. மிச்சமான இடது இறக்கை கடையில் தொங்குகிறது, இது என்ன புது மாடலா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. லேப் முதலாளியின் மனைவி கவுன் அளவு கொடுக்க வந்தாள். ஊசியை வாயில் வைத்திருந்தாலும் என் வாய் நிற்காது என்று உனக்குத் தெரியும், சபதத்தைப் பற்றி முழுதும் சொல்லிவிட்டேன். அதன் பலன், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே மேட்டுப் புல்வெளிக்குப் போனால் முதலாளி தொப்பி போட்டுக்கொண்டு முன்னமே வந்து நிற்கிறார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இந்த ரிமோட்டில் ஒரு சின்னக் குச்சியைத் தள்ளித்தான் ஓட்ட வேண்டும், எல்லா வேலையும் வலது பெருவிரலுக்குத்தான். இடது கைக்கு மாற்றிவைக்கிறேன், ஒரு நிமிஷ வேலை என்று பேக்கரிக்காரர் கெஞ்சினார். வேண்டாம் என்றுவிட்டார் உன் அப்பா. எறிகிற வேலை எனக்கு. என் உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓடி வந்து எறிந்ததைப் பார்த்து ஒரு நாய் பயந்து விலகியது. முதல் எறியில் மூக்கைத் தூக்கி வானத்தைப் பார்த்தது, அப்படியே நின்றது, பொத்தென்று விழுந்தது. மூக்கில் கனம் போதவில்லை என்றார் பேக்கரிக்காரர். திரைச்சீலை ஓரத்தில் வைத்துத் தைக்கிற ஈயக் குண்டுகள் என் கைப்பையில் எப்போதும் கிடக்கும், அவற்றை மூக்கில் அடைத்து, இறக்கைக்குக் கீழே இரண்டு விரலில் ஏந்திப் பார்த்தோம், தராசு மாதிரி நேராக நின்றது. மறுபடி எறிந்தேன். போனது பார், வாலு, சத்தமே இல்லாமல், தண்ணீரில் மீன் போகிற மாதிரி. போகும்போது சுலபம், திரும்பி நம்மைப் பார்த்து வரும்போதுதான் வம்பு, அதன் இடது நமக்கு வலது. அப்பா மாற்றித் தள்ளிவிட்டார், அது சரிந்துகொண்டு வந்தது. "எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க சார்" என்று பேக்கரிக்காரர் கத்தினார், "எங்க பக்கம் வேண்டாம்யா" என்று முதலாளி கத்தினார். நிமிர்த்திவிட்டார். அப்புறம் கீழே இருக்கிற கிடங்கின் தகரக் கூரைக்கு மேலே சூட்டுக் காற்றில் மாட்டிக்கொண்டு மேலே மேலே போய், ஒரு காற்புள்ளி அளவுக்கு ஆகிவிட்டது. உன் அப்பா சிரித்தார். நீ பிறந்த அன்றுகூட அவ்வளவு பல் நான் பார்க்கவில்லை.

மேலே போனதை இறக்க வேண்டுமே. இறங்க மாட்டேன் என்று அது சுற்ற, இவர் குச்சியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே நிற்க, பெருவிரல் நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரிந்தது. ஒருவழியாகக் கீழே வந்து மேட்டை நோக்கித் திரும்புகிற நேரத்தில் விரல் அப்படியே இறுகிவிட்டது. பேக்கரிக்காரர் தூரத்தில். "இந்தாடி, உன் விரலை வை" என்றார். என் வாழ்நாளில் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. "இடது, கொஞ்சம், விடு, விடு, இழுக்காதே, ஐயோ லேசா இழு" என்று அவர் சொல்லச் சொல்ல நான் தள்ளினேன், அது வந்து முதலாளியைத் துரத்தி, அவர் தொப்பி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் புல்லில் வழுக்கிக்கொண்டு நின்றது. பேக்கரிக்காரர் கை தட்டினார். அப்பா மட்டும் ரிமோட்டைத் துடைத்துப் பையில் வைத்தார். "நான் இறக்கலை, இவதான் இறக்கினா. நாளைக்கு வந்து எழுதிக் கொடுத்துடறேன்" என்று முதலாளியிடம் சொன்னார். "யோவ், பல்லு இல்லாதவங்க எல்லாம் இப்ப என்னைத்தான்யா மெல்லுறாங்க, வந்து தொலைய்யா" என்று அந்த மனிதர் கையைப் பிடிக்காத குறைதான். சபதம் சபதம்தான் என்று வீடு வரை வேறு பேச்சே இல்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது ஆளும் இல்லை, கிளைடரும் இல்லை. அதற்குள் எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாரோ என்று வாசல் வரை போய்ப் பார்த்தேன், ஆனால் எழுதிக் கொடுக்கப் போகிறவர் கிளைடரை ஏன் எடுத்துப் போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒருத்தியின் பாவாடையைத் தப்புத் தப்பாக வெட்டினேன். பேக்கரிக்காரர் காலை வேளையில் அடுப்பை விட்டு நகர மாட்டார், அதனால் கூட யாரும் இல்லை. திரும்பி வந்தார், கிளைடரைச் சாய்த்து வைத்தார். "நானே எறிஞ்சு நானே இறக்கிட்டேன். மத்தியானத்துக்கு டப்பா கட்டு, லேப்புக்குப் போகணும்" என்றார், குளிக்கப் போய்விட்டார். யார் பார்த்தது? ஒருவரும் பார்க்கவில்லை. நான் அதைப் புரட்டிப் பார்த்தேன். அடிவயிற்றில் பச்சைப் புல்லின் கறை, முன்னாலிருந்து பின்னால் நேர் நேராக இழுத்த மாதிரி, வழுக்கி இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி, ஒரு கீறல் இல்லை. எனக்குச் சந்தேகப் புத்தி என்று உனக்குத் தெரியும். நெடுநேரம் யோசித்துக் கடைசியில் இந்த முடிவுக்கு வந்தேன். நிஜமாகவே இறக்கியிருந்தால் பெருவிரல் சரியாகிவிட்டது. மேட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு புல்லைப் பிடுங்கி, இத்தனை நேர்த்தியாகக் கோடு கோடாகத் தேய்த்து என்னை ஏமாற்றியிருந்தால், பெருவிரல் அதைவிட நன்றாகச் சரியாகிவிட்டது. டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் கூன் போடாதே, உனக்குத் தைக்கும் சட்டைகளில் முதுகளவு மாறிக்கொண்டே வருகிறது. நீளாயுளும் நிறைந்த மனமும் உனக்கு இருக்கட்டும். முக்கியமான விஷயம், அப்பாவிடம் போனில் பேசும்போது யார் பார்த்தது என்று மட்டும் கேட்டுவிடாதே, எவ்வளவு உயரம் போனது என்று கேள், அதற்கு நிறைய நேரம் பேசுவார்.

உன்னையும் உன் அப்பாவையும் ஒருசேரச் சந்தேகப்பட்டுக்கொண்டே வாழ்த்தும்,
உன் அம்மா