பாதிச் சுவரின் பச்சை

பிப்ரவரி 3

தொர, வீட்டுக்குள் மட்டும் நான் உன்னைக் கூப்பிட்ட பேர். இப்போது இந்த நோட்டில்.

இருபதாம் தேதி வந்தால் நீ போய் ஒரு வருசம். முன்னறையில் நினைவு ஜெபம். உன் தம்பி டிக்சன் சுவரைப் பார்த்தான். "பாதி பச்சை, பாதி வெறுஞ்சுவர். வாரவங்க என்ன நெனைப்பாங்க மைனி? முழுசா வேற கலர் அடிச்சிருவோம்."

மாட்டேன் என்றேன். துறைமுகத்திலிருந்து போன் வந்து, "லோடு இறக்கிட்டு வந்து மீதியை அடிக்கேன்"னு லாரி எடுத்துப் போன ஆள் நீ, திரும்பி வரல. நீ அடித்த பாதி அப்படியே இருக்கணும். மீதிக்கு அதே பச்சை வேணும். வேற ஒண்ணும் கேக்கல.

பிப்ரவரி 6

பெயிண்டு கடை. "கலர் நம்பர் இருக்காம்மா?" என்றார் அண்ணாச்சி. நம்பர் சீட்டு டப்பா மூடியில் இருந்ததாம். அந்த மூடியில்தான் நான் கோழிக்குத் தண்ணி வைத்தேன். சீட்டு ஊறிப் போச்சு. என் புத்தி.

சுவரிலிருந்து உதிர்ந்த பச்சைச் சில்லு ஒன்றைக் காட்டினேன். இரண்டு பச்சை எடுத்தார். ஒன்று வாழைக்குருத்து மாதிரி, ஒன்று கொய்யாப்பிஞ்சு மாதிரி. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"ரெண்டும் சின்ன டப்பா கொண்டு போங்க. காஞ்சபொறவு பாருங்க. ஈரத்துல எல்லாப் பச்சையும் ஒரே பச்சைதான்."

பிப்ரவரி 7

வெறுஞ்சுவரில் உன் ஓரத்தை ஒட்டிக் கையகலம் பூசினேன். காலை வெளிச்சத்தில் குருத்து உன் பச்சையோடு சேர்ந்தது. சாயங்காலம் பிஞ்சு சேர்ந்தது. உப்புக்காற்றில் உன் பச்சையும் வெளிறியிருக்குமே — நான் தேடுறது நீ வாங்கின நிறமா, இப்ப நிக்கிற நிறமா?

பிப்ரவரி 9

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12

பிஞ்சுதான். ஜெபம் சாயங்காலம்தானே. ஞாயிற்றுக்கிழமை டிக்சன் அடிக்கிறான். அண்ணன் அடித்ததில் ரோலர் படக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா மைனி?"

பிப்ரவரி 15

ஆராதனை முடிந்து வந்தேன். டிக்சன் கோயிலுக்கும் போகாமல் அடித்திருக்கிறான். முழங்கை வரை பச்சை. சிரிக்கிறான்.

"சேர்ந்த இடம் எங்கன இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

தெரியவில்லை. ஓரத்தில் கோடு விழுந்துச்சாம். மறைக்க உன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தானாம். அங்கேயும் கோடு. அப்படியே மூலை வரைக்கும் ஓட்டிட்டான். "இல்லேன்னா திட்டுத் திட்டா நிக்கும் மைனி."

நல்லாருக்கு என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 20

ஜெபம் முடிந்தது. குருவானவர்கூட நல்ல நிறம் என்றார். எல்லாரும் போனபிறகு ஜன்னலோரமிருந்து மூலை வரை தடவிப் பார்த்தேன். வழுவழுன்னு இருக்கு. ஒண்ணும் தட்டுப்படல.

தொர, அன்னைக்குப் போன் வந்தப்போ எந்த இடத்துல கையை எடுத்த?